வீ ரிமோட்டை வைத்து ஸ்மார்ட் போர்டு செய்வது எப்படி?

புரொஜெக்டர் இருக்கிற வகுப்பறைகள் இப்போது நிறைய உண்டு. சுவரில் விழும் படத்தின் மேலேயே எழுதக்கூடிய வசதி எல்லா இடத்திலும் இல்லை. ஆசிரியர் ஒரு கோடு போடவோ, அடுத்த பக்கத்துக்குப் போகவோ ஒவ்வொரு முறையும் மடிக்கணினிக்குத் திரும்பி வர வேண்டியிருக்கிறது. கடையில் வாங்கும் ஸ்மார்ட் போர்டின், அதாவது தொட்டு எழுதக்கூடிய ஊடாடும் பலகையின் விலை ஒரு சின்ன டியூஷன் சென்டருக்கோ, வார இறுதியில் நடக்கும் தமிழ்ப் பள்ளிக்கோ கட்டுப்படியாகாது. அதே வேலையை நிண்டெண்டோ வீ விளையாட்டின் பழைய ரிமோட் ஒன்று, ஒரு அகச்சிவப்பு எல்இடி, ஒரு பென்சில் செல் ஆகியவற்றைக் கொண்டு செய்துகொள்ள முடியும். மின்னணுவியல் படித்திருக்கத் தேவையில்லை. நாலு இடத்தில் ஈயம் வைத்துப் பற்றவைக்கத் தெரிந்தால் போதும். தெரியாவிட்டாலும் பக்கத்தில் ரேடியோ ரிப்பேர் செய்பவர் ஐந்து நிமிடத்தில் வைத்துக் கொடுத்துவிடுவார்.

இந்த யோசனையை உலகத்துக்குக் காட்டியவர் ஜானி சங் லீ. அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தபோது, 2007 டிசம்பரில் இதன் செய்முறையை வீடியோவாக வெளியிட்டார். கூடவே தான் எழுதிய நிரலையும் இலவசமாகக் கொடுத்தார். 2008இல் டெட் (TED) என்ற உரை நிகழ்ச்சியின் மேடையிலும் செய்து காட்டினார். அதைப் பார்த்துப் பல நாடுகளில் ஆசிரியர்கள் தாங்களே செய்து பார்க்கத் தொடங்கினார்கள். அவர் அந்த நிரலைக் கொடுத்துவிட்டுப் போனதை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன். இன்று கிடைக்கும் மற்ற நிரல்கள் பலவும் அதன் வழியில் வந்தவைதான்.

ரிமோட்டுக்குள் என்ன இருக்கிறது

இதைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் சிக்கல்களில் பாதியை நீங்களே தீர்த்துவிடுவீர்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

வீ விளையாட்டில் டிவிக்கு மேலே ஒரு நீளப் பட்டையை வைப்பார்கள். அதை சென்சார் பார் என்று அழைத்தாலும் அதில் சென்சார் எதுவும் கிடையாது. இரண்டு ஓரத்திலும் அகச்சிவப்பு எல்இடிகள் எரிகின்றன, அவ்வளவுதான். கேமரா இருப்பது ரிமோட்டின் முன்முனையில், அந்தக் கறுப்புக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கின் பின்னால். அது நம் போன் கேமரா மாதிரி படம் பிடிப்பதில்லை. தன் முன்னால் எங்கெல்லாம் பிரகாசமான அகச்சிவப்புப் புள்ளி தெரிகிறதோ, அந்த இடங்களின் குறுக்கு நெடுக்கு எண்களை மட்டும் சொல்லும். ஒரே நேரத்தில் 4 புள்ளிகள் வரை, நொடிக்கு 100 முறை. எண்கள் 1024க்கு 768 என்ற கட்டத்தில் வருகின்றன. உள்ளே இருக்கும் உணரியின் அசல் கட்டம் 128க்கு 96தான். புள்ளி எங்கே இருக்கிறது என்று அந்த உணரியே நுணுக்கமாகக் கணக்கிட்டு 8 மடங்காக்கித் தருகிறது.

விளையாட்டில் விளக்கு அசையாமல் இருக்கும், ரிமோட் கையில் ஆடும். நாம் அதை அப்படியே திருப்பிப் போடுகிறோம். ரிமோட்டை ஓரிடத்தில் அசையாமல் நிறுத்திவிட்டு, விளக்கைப் பேனா முனையில் வைத்துக் கையில் எடுத்துக்கொள்கிறோம். பேனா எரியும்போது ரிமோட் அதைப் பார்க்கிறது, ப்ளூடூத் வழியாகக் கணினிக்கு எண்களை அனுப்புகிறது, நிரல் அந்த எண்களை மவுஸ் அசைவாக மாற்றுகிறது. பேனா எரிந்தால் மவுஸ் பொத்தான் அழுத்தியதாகவும், அணைந்தால் விட்டதாகவும் கணக்கு. வீ கருவியே தேவையில்லை, சென்சார் பாரும் தேவையில்லை.

ஆகவே இந்த வேலை முழுக்க ஒரே கேள்வியில் நிற்கிறது: பேனா முனையின் ஒளி ரிமோட்டின் கண்ணுக்கு எப்போதும் தெரிகிறதா? புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் நிரலை மாற்றி மாற்றிப் பார்த்து நேரத்தைச் செலவழிக்கிறார்கள். கோளாறு அநேகமாகப் பேனாவிலோ, ரிமோட் வைத்த இடத்திலோதான் இருக்கும்.

என்னென்ன வாங்க வேண்டும்

ஒரு வீ ரிமோட். வீ 2006இல் வந்து 10 கோடிக்கும் மேல் விற்ற கருவி என்பதால் பழைய ரிமோட்டுகள் உலகமெங்கும் சிதறிக் கிடக்கின்றன. ஐரோப்பாவிலோ கனடாவிலோ இருப்பவர்களுக்குப் பழைய பொருள் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். இந்தியாவிலும் இலங்கையிலும் பழைய விளையாட்டுக் கருவி விற்பவர்களிடமும், இணையத்தில் பழைய பொருள் விற்கும் இடங்களிலும் தேட வேண்டும். ஊருக்கு வரும் உறவினர் யாராவது இருந்தால் சொல்லி வையுங்கள். அவர்கள் வீட்டுப் பரணில் ஒன்று சும்மா கிடக்க வாய்ப்பு அதிகம்.

வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். முதலாவது, அது நிண்டெண்டோவின் அசல் ரிமோட்டாக இருக்க வேண்டும். போலிகளில் ப்ளூடூத் ஒழுங்காக ஒட்டாது, கேமராவும் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டாவது, முகப்பில் ‘மோஷன்பிளஸ் இன்சைட்’ என்று அச்சிட்ட பிந்தைய ரிமோட்டைவிட, அந்த எழுத்து இல்லாத பழையதே நமக்கு நல்லது. பிந்தைய ரிமோட்டுகளில் ஒரு பகுதி கணினியோடு பேசும் விதம் கொஞ்சம் மாறியிருப்பதால் பழைய நிரல்கள் அவற்றோடு தகராறு செய்யும். மூன்றாவது, பின்பக்க மூடியைத் திறந்து பேட்டரிக் கம்பிகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். புது செல் இரண்டு போட்டு, 1, 2 என்று எழுதிய பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் கீழே இருக்கும் நான்கு நீல விளக்குகளும் மினுக்க வேண்டும். முன்முனைக் கறுப்புப் பிளாஸ்டிக்கில் ஆழமான கீறல் இருக்கக்கூடாது.

ப்ளூடூத் உள்ள கணினி, ஒரு புரொஜெக்டர். புரொஜெக்டர் இல்லாவிட்டால் பெரிய டிவியும் சரிதான். ரிமோட்டுக்குத் திரை எது என்பது தெரியாது, பேனாவின் ஒளி மட்டும்தான் தெரியும். ஆனால் பளபளக்கும் கண்ணாடித் திரையில் ஒளி பிரதிபலித்து இரண்டாவது புள்ளியாகத் தெரியக்கூடும். மங்கலான வெள்ளைச் சுவர்தான் எல்லாவற்றிலும் நல்லது. வழுவழுப்பான மார்க்கர் போர்டில் புரொஜெக்டரின் வெளிச்சமும் ஓரிடத்தில் பளிச்சென்று கண்ணைக் கூசும்.

பேனாவுக்கு: ஒரு அகச்சிவப்பு எல்இடி, அழுத்தினால் எரிந்து, கையை எடுத்தால் அணையும் சின்னப் புஷ் பட்டன், ஒரு மெலிந்த பென்சில் செல் (அதாவது ஏஏஏ அளவு), கொஞ்சம் ஒயர், மை தீர்ந்த ஒயிட்போர்டு மார்க்கர் ஒன்று. சென்னையில் ரிச்சி தெருவில் இவை எல்லாம் ஒரே கடையில் கிடைத்துவிடும். மற்ற ஊர்களில் டிவி ரிப்பேர் உதிரிபாகக் கடைகளில் கேளுங்கள். எல்இடியை ‘940 நானோமீட்டர் ஐஆர் எல்இடி’ என்று கேட்டு வாங்குங்கள். 850இலும் வேலை நடக்கும், ஆனால் இந்தக் கேமராவுக்கு 940 இன்னும் பிரகாசமாகத் தெரிகிறது. லீ தேர்ந்தெடுத்துச் சொன்னது விஷே நிறுவனத்தின் டிஎஸ்ஏஎல் 6400 என்ற எல்இடி. அது கிடைத்தால் யோசிக்காமல் வாங்கிவிடுங்கள். எல்இடி சில ரூபாய்தான் என்பதால் நாலைந்து வாங்கி வைப்பது நல்லது. ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால் கெட்டுப்போன டிவி ரிமோட்டிலிருந்து கழற்றிய எல்இடியைப் பயன்படுத்தலாம். டிவி ரிமோட்டையே அப்படியே பேனாவாகப் பிடிக்க முடியாது. அதன் ஒளி விட்டு விட்டு எரிவதால் கோடு அறுந்து அறுந்து வரும்.

பேனா செய்வது

இதுதான் வேலையின் மையம். பேனா நன்றாக அமைந்தால் மீதி எல்லாம் சுலபம்.

முதலில் எல்இடியைச் சோதியுங்கள். அதன் நீளமான கால் நேர்முனை, குட்டையானது எதிர்முனை. காலை ஏற்கெனவே வெட்டியிருந்தால், எல்இடியின் அடி விளிம்பில் தட்டையாக இருக்கும் பக்கம் எதிர்முனை. செல்லின் பிளஸ்ஸில் நீளக் காலும் மைனஸில் குட்டைக் காலும் படும்படி பிடியுங்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஏனென்றால் அகச்சிவப்பு நம் பார்வைக்கு அப்பாற்பட்டது. போன் கேமராவைத் திறந்து அதன் வழியாகப் பாருங்கள். மங்கிய ஊதா நிறத்தில் எரிவது தெரியும். சில போன்களின் பின் கேமரா அகச்சிவப்பை வடிகட்டிவிடும், அப்படியானால் முன் கேமராவில் பாருங்கள். உங்கள் கேமராவுக்கு அந்த ஒளி தெரியுமா என்று முதலில் வீட்டு டிவி ரிமோட்டைக் காட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது. கண்ணுக்குத் தெரியாத ஒளி என்பதால் எல்இடியை மிக அருகில் வைத்து உற்றுப் பார்க்க வேண்டாம், பிள்ளைகளையும் பார்க்க விட வேண்டாம்.

இனி மின்கணக்கு. டிஎஸ்ஏஎல் 6400 மாதிரியான எல்இடி 100 மில்லிஆம்பியர் ஓடும்போது சுமார் 1.35 வோல்ட் எடுத்துக்கொள்ளும். ஒரு செல் தருவது 1.5 வோல்ட். இரண்டும் நெருங்கி இருப்பதால் ஒரே ஒரு செல் போடும்போது மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் தேவையில்லை. செல், பட்டன், எல்இடி மூன்றும் ஒரே வளையமாக இணைந்தால் போதும். ஆனால் ரீசார்ஜ் செய்யும் செல் 1.2 வோல்ட்தான் தரும். ஒன்றை மட்டும் போட்டால் ஒளி மிகவும் மங்கிவிடும். ரிமோட் தொலைவில் இருக்கும்போது கோடு விட்டு விட்டு வருவதற்கு இது ஒரு பொதுவான காரணம். வலுவான ஒளி வேண்டும் என்று இரண்டு சாதாரண செல்களைத் தொடராகப் போட்டால் மொத்தம் 3 வோல்ட் ஆகிவிடும், அப்போது ரெசிஸ்டர் கட்டாயம். 22 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் சேர்த்தால் 75 மில்லிஆம்பியர் அளவுக்கு ஓடும், எல்இடிக்கு ஆபத்து இல்லை. கால் வாட் ரெசிஸ்டரே தாங்கும். முதல் பேனாவுக்கு நான் சொல்வது ஒற்றை செல்தான். சிறியது, இலேசானது, கெட்டுப்போக அதில் ஒன்றுமில்லை.

மார்க்கரின் பின்மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் பஞ்சை வெளியே இழுத்துவிடுங்கள். முன்னால் எழுதும் முனையையும் பிடுங்கிவிடுங்கள். அந்தத் துளையில்தான் எல்இடி உட்காரப் போகிறது. ஏஏஏ செல்லின் விட்டம் சுமார் 10.5 மில்லிமீட்டர், மார்க்கர் வாங்கும்போதே செல் உள்ளே போகுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கெட்ச் பேனா உடம்பு இதற்குப் பற்றாது.

பட்டனுக்கு இடம் குறிப்பதற்கு முன் மார்க்கரைக் கையில் பிடித்துச் சுவரில் எழுதுகிற மாதிரி பாவனை செய்து பாருங்கள். ஆள்காட்டி விரல் இயல்பாக எங்கே படிகிறதோ அங்கே துளை போடுங்கள். வழக்கமாகப் பேனா பிடிப்பதைவிட இரண்டு விரற்கடை பின்னால் தள்ளிப் பிடிப்பது நல்லது, இல்லாவிட்டால் விரல்களே ஒளியை மறைத்துவிடும். அதனால் பட்டனும் முனையிலிருந்து கொஞ்சம் தள்ளியே இருக்கட்டும். பட்டன் அழுத்துவதற்கு இலேசானதாக, ஆனால் அழுந்தியது விரலுக்குத் தெளிவாகத் தெரியும்படி இருக்க வேண்டும். ஒரு பாடவேளை முழுக்க அழுத்திக்கொண்டே எழுதப் போகும் விரல் அது. கடினமான பட்டனைப் போட்டுவிட்டால் இரண்டாவது நாளே பேனாவை ஒதுக்கிவிடுவீர்கள். முனையைச் சுவரில் அழுத்தினால் எரியும் வகைப் பேனாவும் செய்யலாம், எழுத அது இன்னும் இயல்பாக இருக்கும். ஆனால் அதன் உள்ளமைப்பு கைவேலை கூடியது, முதல் பேனாவுக்கு வேண்டாம்.

எல்இடியின் நேர்முனையிலிருந்து ஒரு ஒயர் பட்டனின் ஒரு காலுக்கு. பட்டனின் மறுகாலிலிருந்து செல்லின் பிளஸ்ஸுக்கு. எல்இடியின் எதிர்முனையிலிருந்து செல்லின் மைனஸுக்கு. செல்லின் மேல் நேரடியாக ஈயம் வைக்க வேண்டாம். சூட்டில் செல் கெட்டுவிடும், ஒழுகவும் கூடும். ஒற்றை செல் ஹோல்டர் வாங்குங்கள், அல்லது கெட்ட டிவி ரிமோட்டின் ஸ்பிரிங்கையும் தகட்டையும் கழற்றி மார்க்கரின் இரு கோடியிலும் வையுங்கள். எல்இடியின் இரண்டு கால்களும் ஒன்றையொன்று தொடாதபடி ஒன்றுக்கு இன்சுலேஷன் டேப் சுற்ற மறக்காதீர்கள்.

எல்இடியின் தலை துளைக்கு வெளியே நன்றாக நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே பதிந்திருந்தால் நேர் எதிரே மட்டும்தான் ஒளி போகும். நாம் எழுதும்போது எல்இடி சுவரைப் பார்த்து இருக்கும், ரிமோட்டோ பின்னால் ஒரு பக்கமாக இருக்கும். அதாவது ரிமோட் எல்இடியைப் பக்கவாட்டில்தான் பார்க்கிறது. இதனால் ஒளி எல்லாப் பக்கமும் பரவுவது அவசியம். டிவி ரிமோட் எல்இடிகளின் குவிந்த தலை, ஒளியை முன்பக்கமாகக் குவிக்கும். மெல்லிய உப்புத்தாளில் அந்தத் தலையை மெதுவாகத் தேய்த்துத் தட்டையாகவும் மங்கலாகவும் ஆக்கினால் ஒளி பரவிச் செல்லும். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி வரை தேய்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணினியோடு இணைப்பது

எந்த நிரல் என்ற கேள்வி இங்கே வரும். விண்டோஸில் லீயின் ‘வீமோட் ஒயிட்போர்டு’ இலவசம், எளியது. ‘ஸ்மூத்போர்டு’ என்பது இதே வேலையைக் கூடுதல் வசதிகளோடு செய்யும் இன்னொரு நிரல். லினக்ஸில் ‘பைதான் ஒயிட்போர்டு’ இருக்கிறது. எல்லாமே பல ஆண்டுகளுக்கு முன்பு எழுதப்பட்டவை என்பதால் இந்த வேலைக்குப் பழைய மடிக்கணினி ஒன்றை ஒதுக்கினால் நல்லது. விண்டோஸ் 7 ஓடும் பழைய இயந்திரம் ஒன்று மூலையில் கிடந்தால் அதைத் தூசு தட்டி எடுங்கள். பாதுகாப்புக்காக அதை இணையத்தில் இணைக்காமல் வகுப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

விண்டோஸில் கண்ட்ரோல் பேனலில் உள்ள ‘டிவைசஸ் அண்ட் பிரிண்டர்ஸ்’ பகுதிக்குப் போய் புதிய சாதனம் சேர்ப்பதைத் தேர்ந்தெடுங்கள். அதே நேரத்தில் ரிமோட்டின் பேட்டரி மூடிக்குள் இருக்கும் சின்னச் சிவப்பு சிங்க் பொத்தானை, அல்லது 1, 2 பொத்தான்களைச் சேர்த்து அழுத்துங்கள். பட்டியலில் ‘நிண்டெண்டோ ஆர்விஎல்’ என்று தொடங்கும் பெயர் வரும். கடவு எண் கேட்டால் கட்டத்தைக் காலியாக விட்டு அடுத்ததுக்குப் போங்கள், அல்லது ‘எண் இல்லாமல் இணை’ என்ற தேர்வைக் கொடுங்கள். இணைந்த பிறகும் நீல விளக்குகள் மினுக்கிக்கொண்டே இருந்தால் பயப்பட வேண்டாம், நிரலைத் திறந்ததும் நின்றுவிடும். அதற்குள் ரிமோட் அணைந்துவிட்டால் அடுத்த முறை ஒட்டாமல் அடம் பிடிக்கும். அப்போது பட்டியலிலிருந்து அந்தச் சாதனத்தை நீக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து சேருங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் கை பழகிவிட்டால் ஒரு நிமிடம்கூட ஆகாது.

லினக்ஸில் வழி வேறு. அங்கே ப்ளூடூத் மெனுவில் போய் முன்கூட்டியே இணைக்க வேண்டாம். நிரலைத் திறந்து ‘கனெக்ட்’ கொடுத்துவிட்டு 1, 2 பொத்தான்களை அழுத்தினால் அதுவே பிடித்துக்கொள்ளும்.

இணைந்ததும் பேனாவை ரிமோட்டின் முன்னால் ஒரு மீட்டர் தூரத்தில் பிடித்துப் பட்டனை அழுத்துங்கள். எத்தனை ஒளிப்புள்ளிகள் தெரிகின்றன என்று நிரலின் ஜன்னல் காட்டும். பட்டனை அழுத்தினால் ஒன்று, விட்டால் ஒன்றுமில்லை என்று வர வேண்டும். அழுத்தாதபோதும் புள்ளி தெரிந்தால் அறையில் வேறு ஏதோ அகச்சிவப்பை வீசுகிறது. ஜன்னல் வழியாக வரும் வெயில், பழைய குண்டு பல்பு, விளக்கின் தீபம் ஆகிய மூன்றும்தான் வழக்கமான காரணங்கள். டியூப் லைட்டும் எல்இடி பல்பும் தொல்லை தருவதில்லை. திரைச்சீலையை இழுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ரிமோட்டை எங்கே வைப்பது

பேனாவுக்கு அடுத்து முக்கியமான விஷயம் இது. ரிமோட்டின் கேமரா பார்க்கும் கோணம் அகலத்தில் சுமார் 33 டிகிரி, உயரத்தில் சுமார் 23 டிகிரி. இதைத் தூரமாக மாற்றிச் சொன்னால், 3 மீட்டர் தள்ளி வைத்த ரிமோட்டுக்கு ஏறத்தாழ 178 சென்டிமீட்டர் அகலமும் 122 சென்டிமீட்டர் உயரமும் தெரியும். உங்கள் திரை ஒன்றரை மீட்டர் அகலம் என்றால் 3 மீட்டர் தூரம் பொருத்தம். பொதுவாகத் திரை அகலத்தைப் போல இரண்டு மடங்கு என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் பின்னால் தள்ளி வைத்தால் என்ன? தெரியும், ஆனால் துல்லியம் போய்விடும். 3 மீட்டரில் கேமராவின் ஒரு புள்ளி, சுவரில் 1.7 மில்லிமீட்டருக்குச் சமம். 5 மீட்டருக்குப் போனால் அது கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டராகிவிடும். ஆங்கில எழுத்துக்கு இது பெரிதாகத் தெரியாது. தமிழுக்குத் தெரியும். ‘இ’யின் சுழி, ‘ண’வின் அடுத்தடுத்த வளைவுகள், ‘ஞ’ இவையெல்லாம் சின்ன இடத்தில் கோடு திரும்பும் எழுத்துகள். துல்லியம் குறைந்தால் சுழிகள் அடைத்துக்கொண்டு மொத்தையாகத் தெரியும். ஆகவே திரையின் நான்கு மூலையும் தெரிகிற அளவுக்கு மட்டும் தள்ளி, முடிந்தவரை கிட்டத்தில் வைக்க வேண்டும்.

நேர் பின்னால் வைத்தால் எழுதுபவரின் முதுகு மறைத்துவிடும். அதனால் புரொஜெக்டருக்கு ஒரு பக்கமாக, சாய்வாகத் திரையைப் பார்க்கும்படி, ஆள் தலைக்கு மேலான உயரத்தில் வையுங்கள். வலக்கையால் எழுதுபவரின் உடம்பு பெரும்பாலும் பேனாவுக்கு இடப்பக்கமாக நிற்கும். எனவே சுவரைப் பார்த்து நிற்கும்போது உங்கள் வலப்பக்கமாக அமைகிற இடத்தில் முதலில் முயன்று பாருங்கள், இடக்கைக்காரர் மறுபக்கம். ரொம்பவும் சாய்த்துவிட்டால் தூர மூலையில் துல்லியம் குறையும், 45 டிகிரியைத் தாண்ட வேண்டாம்.

ரிமோட் அசையாமல் நிற்பதுதான் முக்கியம். கேமரா முக்காலி இருந்தால் அதன் தலையில் வெல்க்ரோ அல்லது வலுவான ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டலாம். நிரந்தர இடம் என்றால் சுவரில் அலமாரித் தாங்கி ஒன்றை அடித்து, அதில் ஒரு மரத்துண்டின் மேல் பொருத்திவிடுங்கள். மின்விசிறிக் காற்றில் ஆடும் இடமாக இருக்கக்கூடாது. முன்முனையை எதுவும் மறைக்கக்கூடாது, பேட்டரி மாற்ற மூடி திறக்கவும் வழி இருக்க வேண்டும்.

நான்கு மூலையைக் காட்டிக் கொடுப்பது

ரிமோட் பக்கவாட்டிலிருந்து பார்ப்பதால் அதன் கண்ணுக்குத் திரை செவ்வகமாகத் தெரியாது, கோணலான நாற்கரமாகத் தெரியும். அந்தக் கோணலை நேராக்கும் கணக்கு நிரலிடம் இருக்கிறது. அதற்குத் தேவையானது, திரையின் நான்கு மூலைகள் ரிமோட்டின் பார்வையில் எங்கே விழுகின்றன என்ற விவரம். நான்கு மூலைக்கு இரண்டிரண்டாக எட்டு எண்கள். கணக்கில் கண்டுபிடிக்க வேண்டியவையும் சரியாக எட்டு. அதனால்தான் எல்லா நிரல்களும் நான்கு முறை தொடச் சொல்கின்றன.

நிரலில் ‘காலிபிரேட்’ கொடுங்கள். லீயின் நிரலில் ரிமோட்டின் ஏ பொத்தானை அழுத்தினாலும் போதும். திரையின் ஒரு மூலையில் ஒரு குறி தோன்றும். பேனா முனையைக் குறியின் நடுவில் சுவரோடு ஒட்டி வைத்து, அதற்குப் பிறகு பட்டனை அழுத்துங்கள். அந்தரத்தில் பிடித்து அழுத்தினால் புள்ளி தள்ளிப் பதிவாகும். குறி அடுத்த மூலைக்குப் போகும். நான்கும் முடிந்ததும் பேனா தொடும் இடத்தில் கர்சர் வந்து நிற்கும். ஒரு மூலையில் மட்டும் குறி நகராமல் நின்றுவிட்டால் அந்த இடம் ரிமோட்டின் பார்வைக்கு வெளியே இருக்கிறது, அல்லது நீங்களே மறைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். கொஞ்சம் ஒதுங்கி நின்று பாருங்கள். அப்படியும் வரவில்லை என்றால் ரிமோட்டைத் திருப்பியோ பின்னால் தள்ளியோ வைத்து முதலிலிருந்து தொடங்குங்கள்.

கேமராவின் பார்வைப் பரப்பில் எவ்வளவை உங்கள் திரை நிரப்புகிறது என்று லீயின் நிரல் சதவீதத்தில் காட்டும். 50 சதவீதத்துக்கு மேல் வந்தால் எழுதுவதற்குத் தாராளம். முப்பதுக்குக் கீழே போனால் ரிமோட் தேவைக்கு மேல் தள்ளியோ சாய்ந்தோ இருக்கிறது.

புரொஜெக்டரோ ரிமோட்டோ ஓர் அங்குலம் நகர்ந்தாலும் மூலைகளை மறுபடி காட்ட வேண்டும். இரண்டும் நிற்கும் இடத்தைத் தரையிலோ மேசையிலோ டேப் ஒட்டிக் குறித்துவிட்டால் அடுத்த வகுப்பில் தேடாமல் வைத்துவிடலாம்.

எழுதிப் பார்ப்போம்

முதலில் பெயிண்ட் நிரலைத் திறந்து, திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை மெதுவாக ஒரு கோடு இழுங்கள். கோடு ஓரிடத்தில் எப்போதும் அறுந்தால் அங்கே ஏதோ மறைக்கிறது. எல்லா இடத்திலும் அங்கங்கே அறுந்தால் ஒளி பற்றவில்லை. செல்லை மாற்றுங்கள், எல்இடியின் தலை வெளியே நீட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கோடு அறாமல், ஆனால் நடுங்கினால் துல்லியக் குறைவு. ரிமோட்டைக் கிட்டத்தில் கொண்டுவாருங்கள், அல்லது நிரலில் ‘ஸ்மூத்திங்’ என்ற அளவு இருந்தால் கொஞ்சம் ஏற்றுங்கள். அதை அதிகம் ஏற்றினால் கோடு பேனாவுக்குப் பின்னால் தாமதமாக வரும், சுழிகளும் மழுங்கிவிடும். கர்சர் திடீரென்று வேறெங்கோ தாவினால் இரண்டாவது புள்ளி ஒன்று தெரிகிறது என்று பொருள். வெயிலையும் பளபளப்பான பொருட்களையும் தேடுங்கள்.

வகுப்புக்கு ‘ஓபன்போர்டு’ என்ற இலவச நிரலை நான் சிபாரிசு செய்வேன். சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஒரு நிரலின் வழிவந்தது, இப்போது ஜெனீவாவின் கல்வித்துறை அதைப் பேணுகிறது. பக்கம் பக்கமாக எழுதலாம், பாடப்புத்தகத்தின் பிடிஎஃப் பக்கத்தைப் பின்னால் வைத்து அதன் மேல் கோடிடலாம், எழுதியதை அப்படியே பிடிஎஃப் ஆக்கிப் பிள்ளைகளுக்கு அனுப்பலாம். பழைய கணினி என்றால் அதன் பழைய பதிப்பை எடுத்துப் போடுங்கள்.

எழுதும்போது ஒன்று பழக வேண்டும். பேனா எரியாதபோது ரிமோட்டுக்கு ஒன்றும் தெரியாது, எனவே கர்சர் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே கையை நகர்த்த முடியாது. எங்கே தொடங்க வேண்டுமோ அங்கே முனையை வைத்துவிட்டு அழுத்துங்கள். எழுத்து முடிந்ததும் முதலில் பட்டனை விட்டுவிட்டு அப்புறம் கையை எடுங்கள். முறை மாறினால் எழுத்துக்கு வால் முளைத்துவிடும். மெய்யெழுத்தின் புள்ளிக்கும் ஒரு வழி உண்டு. சில நிரல்களில் ஒரு தட்டு தட்டினால் ஒன்றும் விழாது, கர்சர் கொஞ்சமாவது நகர்ந்தால்தான் மை விழும். அதனால் புள்ளியைத் தட்டாமல் சின்ன வட்டமாகச் சுழற்றி வையுங்கள். எழுத்தைக் கரும்பலகையில் எழுதும் அளவைவிடக் கொஞ்சம் பெரிதாகவே எழுதுங்கள்.

பிள்ளைகளைக் கூப்பிட்டு எழுத வைக்கும்போது, எந்தப் பக்கம் நின்றால் ஒளி மறையாது என்று முதலிலேயே சொல்லிக் கொடுத்துவிடுங்கள். ரிமோட்டைச் சுட்டிக்காட்டி, ‘அதோ அந்தக் கண் உன் பேனாவைப் பார்க்கணும்’ என்றால் போதும், அவர்கள் பெரியவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். உயரம் எட்டாத பிள்ளைகளுக்காகப் படத்தைச் சுவரில் கொஞ்சம் கீழே இறக்கிக்கொள்ளலாம். அப்படி இறக்கினால் மூலைகளை மறுபடி காட்ட மறந்துவிடாதீர்கள்.

இரண்டாவது பேனா ஒன்று செய்து வைத்துக்கொள்ளுங்கள். பாடத்தின் நடுவில் ஒன்றின் ஈயம் விட்டுப்போனாலும் செல் தீர்ந்தாலும் வகுப்பு நிற்காது. ரிமோட்டுக்கு இரண்டு ஏஏ செல், பேனாவுக்கு ஒரு ஏஏஏ செல் எப்போதும் மேசை அறையில் இருக்கட்டும். விடுமுறைக்கு முன் எல்லாவற்றிலிருந்தும் செல்லைக் கழற்றிவிடுங்கள். இந்த ரிமோட்டின் உற்பத்தி நின்று பல ஆண்டுகளாகின்றன; உள்ளே செல் ஒழுகிக் கம்பி அரித்துப் போனால் புதிதாக வாங்கி மாற்ற முடியாது.